இரண்டு நிமிடத்தில் அழிப்பதற்கு ஒரு புரதத்தை ஏன் கட்ட வேண்டும்? – ஈ.கோலையின் சிக்மா-எஸ் பற்றி

உயிர்வேதி_மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் பேச, ஈ.கோலை பாக்டீரியா நெருக்கடியை எப்படிச் சமாளிக்கிறது என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். பட்டினி, உப்பு, அமிலம், குளிர் என்று எது வந்தாலும் சிக்மா-எஸ் என்ற புரதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. மரபணுக்களைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸுடன் சேர்ந்து, செல்லின் மரபணுக்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கின் இயக்கத்தை மாற்றுகிறது.

எனக்குப் புரியாத இடம் இதுதான். உணவு தாராளமாகக் கிடைத்து செல்கள் வேகமாகப் பெருகும்போதும் சிக்மா-எஸ் தயாராகிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அப்போது அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், இரண்டு நிமிட அளவுதான். பட்டினி வந்ததும் அதே புரதம் அரை மணி நேரத்துக்கு மேல் நிலைக்கிறது. தேவையில்லாத காலத்தில் மரபணுவை மூடி வைத்துவிட்டால் போதாதா? கட்டுவதற்கும் ஆற்றல், உடைப்பதற்கும் ஆற்றல் என்றால் இது வீண் செலவு இல்லையா? வழிகாட்டியிடம் கேட்டேன். "வேகத்துக்காக" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மேடையில் யாராவது மேலே கேட்டால் அந்த ஒரு சொல்லோடு நிற்க முடியாது.

ஆய்வக_ஓரம்

நல்ல கேள்வி, தங்கையே. முதலில் யார் உடைக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உடைக்கும் எந்திரத்தின் பெயர் கிளிப்-எக்ஸ்பி. அதில் கிளிப்-எக்ஸ் என்பது ஆறு உறுப்புகள் கொண்ட வளையம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்துப் புரதத்தின் மடிப்பைப் பிரித்து உள்ளே இழுக்கும். கிளிப்-பி என்பது ஏழு ஏழாக இரண்டு வளையங்கள் சேர்ந்த குழல். வெட்டும் இடங்கள் எல்லாம் குழலின் உட்புறத்தில்தான் இருக்கின்றன. அதனால் செல்லில் திரியும் மற்ற புரதங்கள் தற்செயலாக வெட்டுப்படுவதில்லை. யார் உள்ளே போவது என்பதை வாசலில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.

கிளிப்-எக்ஸ் தானாகச் சிக்மா-எஸ்ஸை ஒழுங்காகப் பிடிக்காது. அதைப் பிடித்துக்கொடுக்க ஓர் இணைப்பிப் புரதம் வேண்டும். அதுதான் ஆர்எஸ்எஸ்பி. 1996-இல் ஜெர்மனியில் ரெகினே ஹெங்கே குழுவும், பிரின்ஸ்டனில் தாமஸ் சில்ஹவி குழுவும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. சில்ஹவி குழு வேறு பெயர் வைத்ததால் பழைய கட்டுரைகளில் எஸ்பிஆர்ஈ என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றே. ஆர்எஸ்எஸ்பி சிக்மா-எஸ்ஸின் 173-ஆம் இடத்தில் உள்ள லைசீன் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிய பகுதியில் பிணைகிறது. அந்த ஒரு லைசீனை மாற்றிவிட்டால் பிணைப்பு போய்விடும், புரதம் உடையாமல் நிற்கும். பிணைந்த பிறகு இரண்டும் கிளிப்-எக்ஸிடம் போகின்றன. சிக்மா-எஸ் மட்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆர்எஸ்எஸ்பி உடைபடாமல் வெளியே வந்து அடுத்ததைப் பிடிக்கப் போகிறது.

இந்த ஆர்எஸ்எஸ்பி செல்லில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அதனால் கட்டுப்பாடு முழுவதையும் அதன்மேல் வைத்துவிடலாம். சூசன் காட்ஸ்மன் ஆய்வகத்தில் 2006-இல் இரா-பி என்ற சிறிய புரதத்தைக் கண்டார்கள். பாஸ்பேட் தட்டுப்பாட்டில் இது உருவாகி ஆர்எஸ்எஸ்பியைக் கட்டிப்போடுகிறது. 2008-இல் இன்னும் இரண்டு வந்தன: மக்னீசியம் குறைந்தால் இரா-எம், டிஎன்ஏ சேதமானால் இரா-டி. மூன்றுக்கும் அமினோ அமில வரிசையில் ஒற்றுமை கிடையாது. மூன்றும் போய்ப் பிடிப்பது ஒரே ஆளைத்தான்.

கணக்குப்பிள்ளை

வீண் செலவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிக்மா-எஸ் 330 அமினோ அமில நீளம். ஓர் அமினோ அமிலத்தைக் கோக்க ஏறக்குறைய நான்கு ஏடிபி செலவு என்று கொண்டால், ஒரு மூலக்கூறுக்கு 1,300 சொச்சம். உடைப்பதற்கு இன்னும் சில நூறு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈ.கோலை செல் தன்னைப்போல் இன்னொன்றைக் கட்ட ஆகும் செலவு ஆயிரம் கோடி ஏடிபி என்ற அளவில் இருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் சிக்மா-எஸ்ஸை ஆயிரக்கணக்கில் கட்டிக் கட்டி உடைத்தாலும் அது மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் நிற்கும். சில மில்லியன் புரத மூலக்கூறுகளைத் தலைமுறைக்கு ஒருமுறை புதிதாகச் செய்யும் செல்லுக்கு இது பெரிய கடன் இல்லை.

அடுத்தது லாபம். அரை ஆயுள் 2 நிமிடம் என்றால் உடைபடும் வேகம் நிமிடத்துக்கு 0.35. முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும் செல்லில், பிரிவதால் மட்டும் புரதம் நீர்த்துப்போகும் வேகம் 0.023. இரண்டும் சேர்ந்து 0.37. தயாரிப்பை ஒரு துளியும் கூட்டாமல் உடைப்பை மட்டும் நிறுத்தினால், அளவு கடைசியில் 16 மடங்கு வரை ஏறும். முதல் இருமடங்கு மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும். ஏரிக்கு வாய்க்கால் வரத்து எப்போதும்போல் இருக்க, மதகை மட்டும் அடைப்பது மாதிரிதான்.

குதர்க்கம்

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கணக்கு சரி, முடிவு சரியில்லை.

மரபணுவை மூடி வைத்திருந்து தேவைப்படும்போது திறந்தால் எவ்வளவு நேரமாகும்? ஆயிரம் எழுத்து நீளமுள்ள மரபணுவைப் படியெடுக்க இருபது விநாடி போல. 330 அமினோ அமிலத்தைக் கோக்க இன்னும் ஓர் இருபது விநாடி. பாக்டீரியாவில் படியெடுக்கும்போதே மொழிபெயர்ப்பும், அதாவது படியைப் பார்த்துப் புரதம் கோப்பதும், தொடங்கிவிடுகிறது. ஆக, ஒன்றிரண்டு நிமிடத்தில் புதுப் புரதம் கையில். உங்கள் வழியில் மூன்று நிமிடம். வேகம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. ஆய்வக_ஓரம் சொன்ன இரா-பி, இரா-எம், இரா-டி எல்லாமே புரதங்கள். அவற்றையும் படியெடுத்து மொழிபெயர்த்தாக வேண்டும். ஒரு புரதத்தைக் கட்டுவதைத் தவிர்க்க இன்னொரு புரதத்தைக் கட்டுகிறது. "வேகத்துக்காக" என்பது பாடப்புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பதில் என்பேன்.

பழைய_வாத்தியார்

குதர்க்கம் தன் பெயருக்கு ஏற்றபடி பேசினாலும் கேள்வி நியாயமானது. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

பட்டினி என்றால் என்ன? கட்டுவதற்கான பொருளும் ஆற்றலும் தீர்ந்துபோவது. தீர்ந்துபோன வேளையில் "இனிமேல் கட்டத் தொடங்கு" என்று உத்தரவு போட்டு என்ன பயன்? உங்கள் இருபது விநாடிக் கணக்கு, கையில் எல்லாம் இருக்கும் செல்லுக்குப் பொருந்தும். குளுக்கோஸ் தீர்ந்த செல்லுக்குப் பொருந்தாது. உடைப்பதை நிறுத்துவதற்கு மட்டும் எதுவும் கையில் இருக்க வேண்டியதில்லை.

இது ஊகமல்ல. 2012-இல் சில்ஹவி குழுவும் எம்ஐடி-யின் டானியா பேக்கர் குழுவும் சேர்ந்து இதைக் காட்டின. குளுக்கோஸ் தீரும்போது செல்லின் ஏடிபி குறைகிறது. கிளிப்-எக்ஸ்பி ஏடிபியில் ஓடும் எந்திரம். ஆனால் அது மற்ற புரதங்களை உடைப்பது அவ்வளவாகப் பாதிக்கப்படாத ஏடிபி அளவிலேயே சிக்மா-எஸ்ஸை உடைப்பது மட்டும் தடுமாறிவிடுகிறது. அந்த வேலைக்குத்தான் அதிக ஏடிபி தேவைப்படுகிறது. இதற்கு இரா-பியும் வேண்டாம், இரா-எம்மும் வேண்டாம். ஆற்றல் குறைந்தது என்ற செய்தியை யாரும் சொல்லியனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. எந்திரம் மெதுவாவதே செய்தி.

பாஸ்பேட் தட்டுப்பாட்டில் ஏன் இரா-பி வேண்டியிருக்கிறது என்றால், அங்கே ஏடிபி அப்படிச் சட்டென்று விழுவதில்லை. அதனால் தனி அறிவிப்பு தேவைப்படுகிறது. ஆர்எஸ்எஸ்பி அரிதாக இருப்பதால் அதைக் கட்டிப்போட இரா-பி குவியல் குவியலாக வேண்டாம், கொஞ்சம் போதும். இரா-பி மரபணுவை முடுக்கிவிடுவது பிபிஜிபிபி என்ற பட்டினிச் சமிக்ஞை மூலக்கூறு என்பதும் 2007-லேயே தெரிந்துவிட்டது.

ஆய்வக_ஓரம்

ஐயா சொன்னதை ஒட்டி, இறங்கும் திசையையும் பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உணவு திரும்பி வந்ததும் சிக்மா-எஸ் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. மரபணுவை மூடுவது மட்டுமே வழி என்றால், ஏற்கெனவே இருக்கும் புரதம் செல் பிரியப் பிரியத்தான் குறையும். தலைமுறைக்குப் பாதி. பட்டினியிலிருந்து எழுந்த செல் முதல் பிரிவுக்கே நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை நெருக்கடிக்கால மரபணுக்கள் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்துச் செல் உணவைத் தின்றுவிடும்.

குதர்க்கம் அவர்களே, ஏறும் வேகத்தில் உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. இறங்கும் வேகத்தை வேறு எந்த வழியில் பெறுவீர்கள்?

குதர்க்கம்

இறங்குவதில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது "வேகத்துக்காக" என்ற பதிலுக்கு நேர்ப் பொருளல்ல, பாதி மட்டும்தான். மாணவி மேடையில் அந்தப் பாதியைத்தான் சொல்ல வேண்டும்.

நலம்_நாடி

இதிலிருந்து நமக்கும் பாடம் இருக்கிறது. வாரம் ஒருநாள் உபவாசம் இருந்தால் நம் செல்களிலும் இதே நெருக்கடிப் புரதங்கள்…

மட்டுறுத்துநர்

மேலேயுள்ள பதிவின் மீதிப் பகுதியை "உணவும் உடல்நலமும்" பிரிவுக்கு மாற்றியிருக்கிறேன். மனிதச் செல்லில் சிக்மா-எஸ்ஸும் இல்லை, ஆர்எஸ்எஸ்பியும் இல்லை. இழை பாக்டீரியாவைப் பற்றியது.

பழைய_வாத்தியார்

நன்றி. ஏகாதசிக்கும் ஈ.கோலைக்கும் முடிச்சுப் போடாமல் காப்பாற்றினீர்கள்.

உயிர்வேதி_மாணவி

எல்லோருக்கும் நன்றி. இப்போது கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. இன்னொரு சந்தேகம். ஆர்எஸ்எஸ்பியின் வடிவம் இரட்டைக்கூறு அமைப்புகளின் (ஒரு புரதம் செய்தியை உணர்ந்து பாஸ்பேட் வழியாக இன்னொன்றுக்குக் கடத்தும் ஏற்பாடு) ஏற்பிப் புரதம் போலவே இருக்கிறது, 58-ஆம் இடத்து அஸ்பார்ட்டேட்டில் பாஸ்பேட் ஏறுகிறது என்று படித்தேன். அப்படியானால் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும்தானே உண்மையான சுவிட்ச்? ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

ஆய்வக_ஓரம்

வேண்டுமென்றேதான் விட்டேன், அங்கே சேறு அதிகம்.

சோதனைக்குழாயில் பார்த்தால் கதை நேர்த்தியாக இருக்கிறது. 2001-இல் சூ விக்னர், காட்ஸ்மன் முதலியோர் தூய்மைப்படுத்திய புரதங்களை மட்டும் வைத்து முழு உடைப்பையும் நடத்திக் காட்டினார்கள். பாஸ்பேட் கொடுக்கும் பொருளான அசிட்டைல் பாஸ்பேட் சேர்த்தால் ஆர்எஸ்எஸ்பி நன்றாக வேலை செய்தது. அதை வைத்து, பட்டினியில் பாஸ்பேட் இறங்கிவிடும், ஆர்எஸ்எஸ்பி சோர்ந்துவிடும், சிக்மா-எஸ் பிழைத்துவிடும் என்று எழுதினார்கள்.

2004-இல் சில்ஹவி குழு குரோமோசோமிலேயே அந்த அஸ்பார்ட்டேட்டை மாற்றிப் பார்த்தது. பாஸ்பேட் ஏறவே முடியாத ஆர்எஸ்எஸ்பி. அந்தச் செல்லிலும் சிக்மா-எஸ் வளரும்போது உடைபட்டது, பட்டினியில் நிலைத்தது. சீராக்கம் அப்படியே இருந்தது. ஆக, பாஸ்பேட் வேலைக்கு உதவுகிறது, ஆனால் பட்டினிச் செய்தியைச் சொல்லும் சுவிட்ச் அது இல்லை. பாடப்புத்தகப் படங்களில் இன்னும் பழைய அம்புக்குறிதான் போடுகிறார்கள். ஒரு புரதம் ஒரு குடும்பத்து முகஜாடையில் இருக்கிறது என்பதால் அந்தக் குடும்பத் தொழிலையே செய்கிறது என்று நினைப்பது நம் துறையின் நெடுநாள் பழக்கம்.

2019-இல் ஆர்எஸ்எஸ்பியும் இரா-டியும் பிணைந்த வடிவம் வெளியானது. ஆர்எஸ்எஸ்பியின் இரண்டு பகுதிகளுக்கும் நடுவே உள்ள சுருள் இணைப்பு வெறும் பாலம் இல்லை, கட்டுப்பாட்டின் முக்கியமான இடமே அதுதான் என்று அதில் தெரிந்தது. சிலைடில் ஒரு படம்தான் போட முடியும் என்றால் நான் அதைப் போடுவேன்.

கணக்குப்பிள்ளை

மதகு உவமையை யாரும் குறை சொல்லாததால் நானே ஒரு கிளைக்கதை சேர்க்கிறேன். கிளிப்-எக்ஸ்பி நெருக்கடிப் பதிலை அடக்கும் எந்திரம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே எந்திரம் இன்னொரு பதிலைத் தூண்டியும் விடுகிறது.

செல்லுறையில் புரதங்கள் மடிப்பு கெட்டுக் குவிந்தால் எழுந்திருக்க வேண்டியது சிக்மா-எஸ் போன்ற இன்னொரு சிக்மா புரதமான சிக்மா-ஈ. சாதாரண காலத்தில் அதை ஆர்எஸ்ஈஏ என்ற சவ்வுப் புரதம் பிடித்து வைத்திருக்கிறது. மடிப்பு கெட்ட வெளிச்சவ்வுப் புரதங்களின் வால்நுனி டெக்எஸ் என்ற நொதியில் உட்கார்ந்ததும், அது ஆர்எஸ்ஈஏவை வெளிப்பக்கம் வெட்டுகிறது. அடுத்து ஆர்எஸ்ஈபி சவ்வுக்குள் வெட்டுகிறது. மிச்சத் துண்டு சிக்மா-ஈயைப் பிடித்தபடியே உள்ளே விழுகிறது. அந்தத் துண்டைத் தின்று சிக்மா-ஈயை விடுவிப்பது பெரும்பாலும் கிளிப்-எக்ஸ்பிதான். அங்கே உதவும் இணைப்பி எஸ்எஸ்பிபி.

சிக்மா-எஸ்ஸில் நெருக்கடி வந்தால் உடைப்பு நிற்கிறது. ஆர்எஸ்ஈஏவில் நெருக்கடி வந்தால் உடைப்பு தொடங்குகிறது. டிஎன்ஏ சேதத்துக்கான எஸ்ஓஎஸ் பதிலிலும் லெக்ஸ்ஏ என்ற அடக்கி ஆர்ஈசிஏ தூண்டித் தன்னையே வெட்டிக்கொள்வதில்தான் தொடக்கம்.

வெப்பத்துக்கு சிக்மா-32 இருக்கிறது. 30 பாகையில் அதன் ஆயுள் ஒரு நிமிட அளவுதான். அதைத் தின்பது எஃப்டிஎஸ்எச் என்ற வேறு எந்திரம். 42 பாகைக்கு ஏற்றினால் சில நிமிடம் நிலைத்துவிட்டு மறுபடி உடையத் தொடங்கும்.

மருத்துவ_நுண்ணுயிரியல்

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மருந்துப் பக்கம் ஒரு குறிப்பு. ஈ.கோலை கிளிப்-பி இல்லாமலும் வாழும். காசநோய்க் கிருமி வாழாது. அதனால்தான் அந்தக் கிருமியில் கிளிப்-எக்ஸைப் போல் வாசலில் இருக்கும் கிளிப்-சி1 மேல் பிணையும் சைக்ளோமரின், எக்குமிசின், லாசோமைசின் போன்ற இயற்கைப் பொருள்களை ஆய்வாளர்கள் விடாமல் துரத்துகிறார்கள்.

அசைல்டெப்சிபெப்டைடு என்ற நுண்ணுயிர்க்கொல்லி வகை இன்னும் விசித்திரமானது. அது எந்திரத்தைத் தடுப்பதில்லை. கிளிப்-பி குழலின் வாயைத் திறந்துவிடுகிறது. வாசல்காவல் இல்லாமல் கண்டதையும் தின்று செல் தானே சாகிறது. 2013-இல் கிம் லூயிஸ் குழு இதை ரிஃபாம்பிசினுடன் சேர்த்துக் கொடுத்து, எலிகளில் நாள்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்றை ஒழித்துக் காட்டியது. தூங்கிக் கிடக்கும் செல்லையும் கொல்லும் மருந்துகள் அபூர்வம். ஆனால் ஈ.கோலை போன்ற கிராம்-எதிர் வகைகளில் இது உள்ளே நுழைவதே கடினம். ஆகவே மாணவி தன் சிலைடில் "எல்லா பாக்டீரியாவுக்கும் புதிய மருந்து" என்று போட்டுவிடக் கூடாது.

குதர்க்கம்

எல்லோரும் இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருப்பதால், கடைசியாக ஒரு கல். சிக்மா-எஸ் இவ்வளவு அருமையானது என்றால் அதைத் தொலைத்த செல்கள் ஏன் ஜெயிக்கின்றன? 1993-இல் ராபர்ட்டோ கோல்ட்டர் குழு பத்து நாள் பழைய வளர்ப்பிலிருந்து எடுத்த செல்களை ஒரு நாள் வளர்ப்போடு கலந்தது. பழைய செல்கள் புதியவற்றை ஒழித்துவிட்டன. காரணமான பிறழ்வு இருந்த இடம் சிக்மா-எஸ்ஸுக்கான ஆர்பிஓஎஸ் மரபணு. சிக்மா-எஸ்ஸை வீரியம் குறைந்ததாக்கும் பிறழ்வு. சிட்னியில் தாமஸ் ஃபெரென்சி குழுவும் குளுக்கோஸ் குறைவாக ஊட்டப்படும் தொடர்வளர்ப்புக் கலங்களில் இதே மரபணுவை இழந்த செல்கள் பரவுவதைக் காட்டியிருக்கிறது.

பழைய_வாத்தியார்

கல் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது, ஆனால் மண்டபம் இடியவில்லை. ஆர்என்ஏ பாலிமரேஸின் மையப்பகுதி செல்லில் அளவோடுதான் இருக்கிறது. சிக்மா-எஸ் பிடித்துக்கொண்ட ஒவ்வொன்றும், வளர்ச்சிக்கான சிக்மா-70 இழந்த ஒன்று. பாதுகாப்பு கூடினால் உணவுப் போட்டியில் பின்தங்கும். எப்போதும் குறைந்த உணவு, வேறு ஆபத்து எதுவும் இல்லை என்ற செயற்கைக் கலத்தில் பாதுகாப்பு சுமைதான். அங்கே அதைத் தூக்கியெறிந்தவன் முந்துகிறான். குடலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து இன்னொரு குடலுக்கும் போகிற செல்லுக்கு அந்தச் சலுகை இல்லை. சிக்மா-எஸ் இவ்வளவு ஆபத்தான பொருள் என்பதால்தான் படியெடுப்பு, சிறு ஆர்என்ஏக்கள் வழி மொழிபெயர்ப்பு, உடைப்பு, பாலிமரேஸைப் பிடிப்பது என்று நான்கு இடங்களில் கடிவாளம் போட்டிருக்கிறது.

உயிர்வேதி_மாணவி

பேச்சின் அமைப்பு கிடைத்துவிட்டது. கடைசியாக ஒரு செய்முறைக் கேள்வி. எங்கள் ஆய்வகத்தில் சிக்மா-எஸ்ஸின் அளவு கூடியது தெரிந்தால், அது உடைப்பு நின்றதாலா, தயாரிப்பு கூடியதாலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஆய்வக_ஓரம்

குளோராம்பெனிகால் அல்லது ஸ்பெக்டினோமைசின் போட்டு மொழிபெயர்ப்பை நிறுத்துங்கள். அதன் பிறகு இருக்கும் சிக்மா-எஸ் எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (எதிர்ப்பொருளால் ஒரு புரதத்தை அடையாளம் காணும் சோதனை) பாருங்கள். அரை ஆயுள் இரண்டு நிமிடம் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அரை நிமிடம், ஒன்று, இரண்டு, நான்கு என்று எடுங்கள். எடுத்த மாதிரியைக் குளிர்ந்த டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் நேராக ஊற்றிவிடுங்கள். மையவிலக்கியில் வைக்கப் போகும் நேரத்தில் பாதி போய்விடும்.

கூடவே ஆர்எஸ்எஸ்பி மரபணு நீக்கிய வகையை ஓட்டுங்கள். அதில் உடைப்பு கிடையாது என்பதால், நெருக்கடி கொடுத்தபின் அங்கேயும் அளவு ஏறினால் அந்தப் பங்கு தயாரிப்புடையது.

வளர்ப்பு வகையையும் சோதியுங்கள். ஆய்வகங்களில் கைமாறிக் கைமாறி ஆர்பிஓஎஸ் பழுதான வகைகள் நிறைய உலவுகின்றன. இரவு முழுவதும் வளர்த்த தட்டில் அயோடின் ஆவி காட்டினால் நல்ல வகை கிளைக்கோஜன் சேர்த்திருப்பதால் கரும்பழுப்பாகும், பழுதானது வெளிறி நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட்டாலும் நுரை குறைவாக வரும். பிளாஸ்மிடில் சிக்மா-எஸ்ஸை மிகையாகத் தயாரித்து இந்த அளவீட்டைச் செய்யாதீர்கள். இருக்கும் கொஞ்ச ஆர்எஸ்எஸ்பியும் நிரம்பிவிடும். நெருக்கடி எதுவும் இல்லாமலே புரதம் நிலைத்திருப்பதுபோல் தெரியும். அதை ஒரு கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டால் கேள்வி நேரத்தில் குதர்க்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

குதர்க்கம்

எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள்.